பலமொழி ஊரில் பொது இடம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் கூடிப் பேசும்போது, தை மாதம் நெருங்கும் காலங்களில், ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. இவ்வாண்டுப் பொங்கல் விழாவை எங்கே நடத்துவது? கோயில் மண்டபமா, பள்ளிக்கூட மைதானமா, வாடகைக் கூடமா? வாடகை எவ்வளவு, பந்தி போட இடம் உண்டா, பேருந்து நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்பவை முதலில் பேசப்படும். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் அவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நாம் குடியிருக்கும் பேட்டையில் நம்மவர் மட்டும் இல்லை. வேறு மொழி பேசுவோரும், வேறு தெய்வத்தைத் தொழுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றனர். விழாவுக்கு யார் வருவர், யார் வரத் தயங்குவர் என்பதில் பாதியை நாம் தேர்ந்தெடுக்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது.

இக்கேள்வி நகர வாழ்வினால் புதிதாகப் பிறந்ததன்று. பல மொழியினர் கலந்து வாழும் ஊர்களில் நெடுங்காலமாக இருந்துவருவதே. நம் முன்னோர் அதற்கு எவ்வாறு விடை கண்டனர், எங்கே தவறினர் என்பதை அறிய நாம் முதலில் செல்ல வேண்டிய ஊர், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் நாராயணவனம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் புத்தூர் என்னும் நிலையம் இருக்கிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தால் தமிழர் அனைவரும் பெயர் அறிந்த புத்தூர் அதுவே. அதன் அருகில், அருணா நதி எனவும் ஆரணியாறு எனவும் வழங்கும் ஆற்றையொட்டி அமைந்த ஊர் நாராயணவனம். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்துக்கு வட எல்லையாக வேங்கட மலையைக் குறித்தது. அம்மலைக்குத் தெற்கே, பழைய தொண்டை மண்டலத்தின் வடபகுதியில் இவ்வூர் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியதும் சென்னை மாநிலத்தினின்று பிரிந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இன்று நாராயணவனம் அதனுள் அடங்கும். மாவட்டத்தின் பெயர் இவ்வாறு பல முறை மாறியும் ஊரார் இரு மொழிகளையும் விடவில்லை.

இவ்வூருக்குப் பெருமை தந்தது ஒரு திருமணக் கதை. அது புராணம், சரித்திரம் அன்று. ஆயினும் மக்கள் நெஞ்சில் இடம்பெற்ற புராணம் மக்களின் வழக்கத்தைக் காட்டும் கண்ணாடியாகும். வேங்கடாசல மாஹாத்மியம் கூறுவது இது: ஆகாசராஜன் என்னும் மன்னன் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். அவன் தாமரையில் கண்டெடுத்து வளர்த்த மகள் பத்மாவதி. வேட்டைக்கு வந்த ஸ்ரீநிவாசன் அவளைப் பூங்காவில் கண்டு விரும்பினான். வகுளாதேவி பெண் கேட்டு வந்தாள். திருமணம் நிச்சயமாயிற்று. செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிக்கொண்டு, மலைக்கு உடையவனாகிய மணமகன் தன் பரிவாரத்துடன் கீழே இறங்கி வந்தான். மணவறை மணமகளின் ஊராகிய நாராயணவனத்தில் அமைந்தது. மணம் முடிந்ததும் புதுமணத் தம்பதியர் உடனே மலையேறலாகாது என்று அகத்தியரின் ஆசிரமத்தில் ஆறு மாதம் தங்கினர் என்பதும், அவ்விடமே இன்றைய ஸ்ரீநிவாச மங்காபுரம் என்பதும் கதையின் தொடர்ச்சி.

இக்கதையில் நாம் கருத வேண்டிய பகுதி, இடத்தைத் தேர்ந்த முறையே. உயர்ந்த இடத்தில் இருப்பவன் தன் இடத்துக்கு எல்லோரையும் வரவழைக்கவில்லை. தானே இறங்கி மற்றவர் ஊருக்கு வந்தான். பெண் வீட்டார் ஊரில் மணம் நடத்தும் வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றிலும் இன்றும் இருக்கிறது. விருந்தினராக வருபவர் பணிவுடன் வருவர். விருந்தளிப்பவர் தம் ஊரில் தலைநிமிர்ந்து நிற்பர். வலியவர் சற்று வழிவிட்டால்தான் இரு குடும்பமும் ஒரே பந்தியில் அமர முடியும் என்னும் உலகியல் அறிவு இவ்வழக்கத்தில் இருக்கிறது.

அத்திருமணத்தின் நினைவாக நிற்பது கல்யாண வேங்கடேசுவரர் கோயில். 1967இல் இது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் வந்தது. ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் பிரம்மோத்ஸவம் நடைபெறுகிறது. திருமணம் கைகூட வேண்டுவோர் இங்கு வந்து வழிபடுவது வழக்கம். பராசரேசுவரர், அகஸ்தீசுவரர், அவனாட்சியம்மன் ஆகியோரின் கோயில்களும் இவ்வூரில் உள்ளன. திருமலையிலும் 1992 முதல், வைகாசிச் சுக்கில தசமியை ஒட்டி, நாராயணகிரித் தோட்டத்தில் பத்மாவதி பரிணயம் என்னும் விழா மூன்று நாட்கள் நடத்தப்படுகிறது. அதற்குச் சந்நிதி மண்டபத்தைக் கொள்ளாமல் ஒரு தோட்டத்தைத் தேர்ந்தது, திரளான மக்கள் சுற்றி நின்று காண்பதற்கு ஏற்றதாயிருக்கிறது.

சுற்றுப்புறத்தைப் பார்ப்போம். நாராயணவனம், புத்தூர், நகரி, ஏகாம்பரகுப்பம் ஆகியவை தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். நெசவாளர் குடும்பங்களில் தமிழ் பேசுவோரும் உண்டு, தெலுங்கு பேசுவோரும் உண்டு. பலர் வீட்டில் ஒன்றும் சந்தையில் மற்றொன்றும் பேசுவர். இத்தகைய ஊரில் சுவாமி வீதியுலா வரும்போது, வீதியே மண்டபமாகிறது. தெருவில் நின்று தரிசிப்பவனை மொழி கேட்டு நிறுத்துவார் எவரும் இலர். வீட்டுத் திண்ணையில் இருக்கும் முதியவளும், தறியை நிறுத்திவிட்டு வாயிலுக்கு வந்த தொழிலாளியும், அழைப்பிதழின்றியே அவ்விழாவில் பங்கு பெறுகின்றனர். ஊரின் விழா ஊராரிடம் தானே நடந்து செல்கிறது.

இவ்வூரில் மற்றொரு பொது இடமும் உண்டு. தோளில் சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த துறவி ஒருவர் 1902இல் இங்கே சமாதியடைந்தார். தெலுங்கர் அவரைச் சொரகாயல சுவாமி என்பர். தமிழர் சுரைக்காய்ச் சித்தர் என்பர். சுரைக்காய், சொரகாய என்று பெயரில்கூட இரு மொழிகளும் கைகோத்து நிற்கின்றன. அவருடைய சமாதிக்குச் சென்னையிலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழர் வருகின்றனர். ஆந்திர மக்களும் வருகின்றனர். அவர் எம்மொழிக்கு உரியவர் என்ற வழக்கு அங்கே எழ இடமில்லை.

எனினும், பழைய காலத்துப் பொது இடங்கள் அனைத்தும் எல்லோருக்கும் பொதுவாயிருந்தன என்று சொன்னால் அது உண்மையாகாது. மொழி தடுக்காத வாயிலைச் சாதி தடுத்தது. வீதியுலாவைத் தொலைவில் நின்றுதான் காணலாம் என்று ஒதுக்கப்பட்டோர் தமிழ்ச் சேரியிலும் இருந்தனர், தெலுங்குப் பள்ளியிலும் இருந்தனர். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரை அழைத்துச் சென்றார். அவ்வாண்டில் ஒரு சட்டமும், பின்னர் 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்த ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. அப்போது சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்திலேயே இருந்ததால், இப்பகுதிக் கோயில்களின் கதவுகளும் சட்டப்படி திறந்தன. ஆகவே, கோயில் மண்டபத்தைப் பொது இடம் என்று நாம் இன்று சொல்வதற்கு ஆதாரம் பழமை மட்டும் அன்று. போராடிப் பெற்ற உரிமையும் ஆகும். விழாவுக்கு இடம் தேடுவோர் இதனை மறத்தல் கூடாது.

அரண்மனைச் சபை என்று மற்றொரு வகை இடமும் அந்நாளில் இருந்தது. நாராயணவனத்துக்கு அண்மையிலுள்ள கார்வேட்டிநகரம் ஜமீனின் தலைநகர். அங்கே வாழ்ந்த சாரங்கபாணி வேணுகோபாலன் மீது தெலுங்குப் பதங்கள் இயற்றினார்; கோவிந்தசாமய்யாவின் பதவர்ணங்களும் அச்சபையோடு தொடர்புடையவை. ஜமீன்தாரின் சபைக்குள் அழைப்புப் பெற்றவரே செல்ல முடியும். ஆனால் அங்கே பிறந்த பாட்டுகள் அவ்வாயிலுக்குள் அடங்கவில்லை. தமிழ்நாட்டு ஆடல் மகளிரும் பாடகரும் அவற்றைத் தம் மேடைகளில் ஏற்றனர். சபையின் கதவு சிலருக்கே திறந்தது. கலையோ திறந்த இடம் நாடிச் சென்றது.

இப்பகுதியின் பொது வாழ்வுக்குக் கடுஞ்சோதனை வந்தது மொழிவழி மாநிலங்கள் பிரிந்த காலத்தில். சித்தூர் மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டுமென்று ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். பின்னர் படாஸ்கரின் முடிவின்படி, கிராமத்தை அளவாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியும் நிலத்தொடர்ச்சியும் நோக்கி எல்லை வகுக்கப்பட்டது. 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. புத்தூரும் நகரியும் நாராயணவனமும் ஆந்திரத்தில் நின்றன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன.

நிர்வாகத்துக்கு ஒரு கோடு தேவை. ஆகவே ஒவ்வொரு கிராமத்தையும் ஒரு மொழிக்கு எழுத வேண்டியதாயிற்று. ஆனால் விழாக்கள் அந்தக் கோட்டை மதித்து நடக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்து காவடி வருவது நிற்கவில்லை. புரட்டாசியில் சென்னைப் பட்டணத்துச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருக்குடைகள் புறப்பட்டு யானைக்கவுனியைக் கடந்து திருமலைக்குச் செல்வதும் நிற்கவில்லை. குடை செல்லும் பட்டணத்துத் தெருக்களில் தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், மார்வாடியர் எனப் பல மக்களும் நின்று காண்கின்றனர். ஊர் இன்னாருக்கு உரியது என்று வழக்காடலாம். விழா நடக்கும் வீதியை அவ்வாறு பங்கிட முடியவில்லை.

கோயிலும் வீதியும் தந்த இடத்தை நகரங்களில் மன்றம் என்னும் கட்டடம் பெற்றது. சென்னையில் பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த விக்டோரியா மண்டபத்துக்கு 1883இல் அடிக்கல் நாட்டியவர் தெலுங்கு நாட்டு விஜயநகரம் மகாராஜா. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாஸ சபை அங்கே தன் நாடகங்களை நடத்தியது. பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்யரின் தெலுங்கு நாடகங்களைக் கண்ட வேகத்தாலேயே முதலியார் தமிழ் நாடகத்தில் இறங்கினார் என்பதும், அச்சபை தமிழிலும் தெலுங்கிலும் நாடகம் நடித்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கன. எச்சாதிக்கும் எம்மொழிக்கும் தனியுரிமை இல்லாத மண்டபம் ஒன்று இருந்தமையால், ஒரு மொழியின் கலை மற்றொரு மொழியின் கலையை வளர்த்தது. ஆயினும் மன்றத்தின் வாயிலில் வேறொரு காவலன் நின்றான். அவன் பெயர் டிக்கெட்டுக் கட்டணம்.

இனி, தமிழர் சிறுபான்மையராய் வாழும் நகரங்களுக்கு வருவோம். பெங்களூரில் 1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபோது படையோடும் வணிகத்தோடும் தமிழர் வந்து குடியேறினர். அல்சூர் அவர்களுடைய பெரும் பேட்டையாயிற்று. அங்கே கன்னடரும் தெலுங்கரும் உடன் வாழ்கின்றனர். 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் இல்லமும் அல்சூர் ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. அவ்வேரிக் கரையில் 1991இல் திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது. காவிரி நீர் பற்றிய பூசல் முற்றி, கலகமும் நேர்ந்த ஆண்டு அது. எதிர்ப்பு எழுந்தமையால் சிலை திறக்கப்படவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அது மூடப்பட்டே நின்றது.

வள்ளுவர் எவரையும் பகைத்தவர் அல்லர். அவர் நூலில் ஒரு நாட்டின் பெயரோ ஒரு மொழியின் பெயரோ இல்லை. அத்தகையவரின் உருவமும் பொது இடத்தில் நிற்கும்போது, அக்கம்பக்கத்தார் அதனை அறநூல் ஆசிரியராகப் பார்க்காமல், ஓர் உரிமை முழக்கமாகப் பார்த்துவிட்டனர். இடம் ஏரிக்கரை, ஏரி எல்லோருக்கும் உரியது. அங்கே நம்முடைய பெருமகனை நிறுத்தும்போது எல்லோருடைய உடன்பாடும் தேவைப்பட்டது.

விடை 2009இல் கிடைத்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் தமிழ்நாட்டு முதல்வர் மு. கருணாநிதி, கருநாடக முதல்வர் எடியூரப்பாவின் முன்னிலையில் அல்சூரில் வள்ளுவர் சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாட்களுக்குப் பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஜ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஓரடி கொடுத்து ஓரடி பெற்றதாக இதனைச் சிலர் எள்ளலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பெண் வீட்டார் ஊருக்கு மணமகன் வருவதும், பின்னர் மணமகன் வீட்டுக்குப் பெண் வீட்டார் செல்வதும் போன்ற முறையே இது. என் ஊரில் உன் பெரியவருக்கு இடம் உண்டு என்று சொன்ன பிறகே, உன் ஊரில் என் பெரியவருக்கு இடம் கேட்பதற்கு நாக்கு எழும்.

பம்பாயில் நாம் காண்பது வேறு பாடம். மாதுங்கா, சயான் பகுதிகளில் குடியேறிய தென்னிந்தியர் 1952இல் சண்முகானந்த சபையை நிறுவினர். 1963இல் அதன் பெருமண்டபம் திறக்கப்பட்டது. 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியருக்கு எதிரான முழக்கம் நகரெங்கும் எழுந்தது. தமிழ்ப் பெயர்ப்பலகைகள் அச்சத்துக்குள்ளான அக்காலத்திலும் பின்னரும் அம்மண்டபம் நிலைத்து நின்றது. கருநாடக இசையோடு இந்துஸ்தானி இசைக்கும், பிற மொழியினரின் நிகழ்ச்சிகளுக்கும் அதன் மேடை இடந்தந்தது. 1990இல் தீ விபத்தில் சேதமுற்று, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு கூட்டத்தாரின் முயற்சியால் எழுந்து நகரத்தின் உடைமையாகிவிட்ட மண்டபத்தைக் காக்க நகரமே முன்வரும்.

ஆயினும் அதே பம்பாயில், அம்மண்டபத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தோல் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழர் அங்கே நெடுங்காலமாக வாழ்கின்றனர். அவர்களுடைய பொங்கல் சந்துகளில் வாசலுக்கு வாசல் நடக்கிறது. மாதுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் ஒரே விழாவில் சந்திப்பது எத்தனை முறை? அயலாரோடு எங்கே கூடுவது என்று கேட்கும் நாம், நம்மவருள்ளேயே யாரை வாயிலில் நிறுத்தியிருக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மதுரையில் 1939இல் எழுந்த கேள்வி இன்று நுழைவுக் கட்டணமாகவும், ஆடை வழக்கமாகவும், தொலைவாகவும் உருமாறி நிற்கக்கூடும்.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, அழகும் வசதியும் பார்க்கும் முன், அவ்விடத்துக்குள் நுழைய எவரேனும் கூச வேண்டியிருக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு தெய்வத்தின் சந்நிதியில் நடக்கும் விழாவுக்கு வேறு சமயத் தமிழர் வரத் தயங்கலாம்; வழிபாடு கோயிலிலும், பொங்கலும் பந்தியும் பள்ளி மைதானத்திலும் அமையுமாயின் இருவரும் வருவர். இரண்டாவது, அக்கம்பக்கத்தாரிடம் அறிவிப்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டும். ஊர்மொழியில் அச்சிட்ட ஓர் அழைப்பிதழும், ஊர்க் கலைஞருக்கு மேடையில் ஓர் இடமும் வேலியைத் தாழ்த்தும். அவர்கள் விழாவுக்கு நாமும் சென்றிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். மூன்றாவது, நம்மவருள் தொலைவில் வாழ்வோரையும் வருவாய் குறைந்தோரையும் எண்ணிய பின்னரே இடத்தை உறுதி செய்ய வேண்டும். இயன்றால் ஓராண்டு ஒரு பேட்டையிலும் மறு ஆண்டு மற்றொரு பேட்டையிலும் நடத்தலாம். நாராயணவனத்து வீதியுலாவைப் போல, விழா மக்களைத் தேடிச் செல்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்றுபோன ஊர்களில் தமிழ் அழிந்துவிடும் என்று 1960இல் அஞ்சியவர் உண்டு. அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமிழந்த மொழி தளர்வது இயல்பு. ஆயினும் அவ்வூர்களில் தமிழ் இன்றும் ஒலிக்கிறது. தெருவிலும் திருவிழாவிலும் சித்தர் சமாதியிலும் அதற்கு இடம் இருந்தது. அவ்விடங்களில் தெலுங்கும் கூட இருந்தது. வெளி மாநிலங்களில் வாழும் நாமும் நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுக்க விரும்பினால், அதனைப் பூட்டிய கூடத்துக்குள் மட்டும் வைத்துக் காக்க இயலாது. அயலார் தயங்காமல் நுழையும் இடத்தில், அவர்தம் மொழியும் ஒலிக்கும் மேடையில், தமிழ் ஒலிக்கட்டும். அத்தகைய இடத்தை ஒவ்வோர் ஊரிலும் தேடிக் காண்பது நம் சங்கங்களின் கடமையாகும்.